பூட்டுப் போட்ட வண்டியில் வீடு போய்ச் சேர்ந்தேன்

நெய்வேலி நகரியத்தில் ஒருவர் பணி ஓய்வு பெறும் நாளில் அவரை அலுவலகத்திலிருந்து ஊர்வலமாகக் கொண்டுபோய் வீட்டில் விடுவது வழக்கம். கழுத்தில் ஆளுயர மாலை, தோளில் நாலைந்து சால்வை, முன்னால் பூ ஒட்டிய கார், பின்னால் முப்பது டூவீலர். குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு சரம் பட்டாசு. மனைவி ஆரத்தித் தட்டோடு நிற்பார். இத்தனை வருடம் நாங்கள் வைத்துப் பார்த்துக்கொண்டோம், இனி உங்கள் பாடு என்று ஆளை ஒப்படைத்துவிட்டு, மிக்சர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். முப்பத்து மூன்று வருடம் நிலக்கரிச் சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் சாமான் பட்டுவாடா செய்தவன் நான். எனக்கு இந்த வழக்கத்தில் ஒரு குறைதான் தெரிந்தது. சரக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று அந்த அம்மாவிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை.

என் முறை வரும்போது யாருடைய காரிலும் ஏறமாட்டேன், என் சொந்தப் பிக்கப் வண்டியில்தான் வீட்டுக்குப் போவேன் என்று ஒரு வருடத்துக்கு முன்பே அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சமயத்தில் அந்தப் பிக்கப்புக்குச் சக்கரம் இரண்டுதான் இருந்தது.

அதைப் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் கண்டுபிடித்தேன். என்னைவிட நாலைந்து வயது இளையது, ஆனால் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். நீண்ட மூக்கு, உருண்டை விளக்கு இரண்டு, பின்னால் மரப்பலகை அடித்த திறந்த தொட்டி. ஒரு காலத்தில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போன வண்டி. பிறகு இன்ஜின் நின்றுபோய், நின்ற இடத்திலேயே புல் முளைத்துவிட்டது. டிரைவர் சீட்டில் ஓர் ஆடு குட்டி போட்டிருந்தது. நான் கதவைத் திறந்ததும் அது என்னைப் பார்த்த பார்வை, ஸ்டோர்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து நான் மற்றவர்களைப் பார்க்கும் அதே பார்வை. சாப்பாட்டு நேரம், அப்புறம் வா. அங்கேயே மனசு ஒட்டிக்கொண்டது. என்ன விலைக்கு வாங்கினேன் என்று எழுதமாட்டேன். இதை மனைவி படிப்பார்.

லாரியில் ஏற்றி வந்து குவார்ட்டர்ஸின் பின்பக்கத் தோட்டத்தில் இறக்கினோம். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அன்று சாயங்காலம் வந்தவர் கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏங்க, இதுல எது வண்டி?" என்றார்.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொடுக்க வேண்டும். அதற்காக நகரியத்துக்கு வெளியே வடக்குத்து என்ற ஊரில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தோம். அதன் முன்பக்கத்தில் ஒரு வண்டி நிற்குமளவுக்கு இடம் மிச்சம். அங்கே மல்லிகைப் பந்தல் போடுவதாக மனைவி மனசுக்குள் எப்போதோ முடிவு செய்திருந்தார். நான் வண்டியை நிறுத்தலாம் என்றேன். சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. கணக்கு டீச்சர் சண்டை போடமாட்டார், நிபந்தனை போடுவார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. நீங்க ரிட்டயர் ஆகுற அன்னைக்கு இது உங்களை ஏத்திட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கணும். நின்னுச்சுன்னா வடக்குத்துக்கு இதுவும் வரும். நிக்கலைன்னா மறுநாள் காலையில பழைய இரும்புக்காரர் வருவாரு. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

சொன்னதோடு நிற்கவில்லை. என் எதிரிலேயே பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டு, முழுசா எடுத்துட்டுப் போவீங்களா, இங்கயே உடைச்சு எடுத்துட்டுப் போவீங்களா என்று விசாரித்தார். இங்கேயே உடைப்பார்களாம்.

எனக்கு ஏன் அந்த வண்டிமேல் அவ்வளவு ஆசை என்று பலர் கேட்டார்கள். சொன்னால் சிரிப்பீர்கள். சுரங்கத்தில் ஓடுகிற ஒவ்வொரு ராட்சத இயந்திரத்தின் உதிரிபாகமும் என் கை வழியாகத்தான் போயிருக்கிறது. பேரிங்கை அதன் நம்பரை வைத்தே கூப்பிடுவேன். ஆனால் அது எங்கே மாட்டப்படுகிறது, மாட்டினால் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கல்யாணத் தரகர் போல, ஜோடி சேர்த்து அனுப்புவதோடு சரி. ஒரே ஒரு இயந்திரமாவது, இந்தப் போல்ட் இங்கே போனது, இந்த வாஷர் அங்கே போனது என்று எனக்கு முழுசாகத் தெரிந்து ஓட வேண்டும் என்று இருந்தது.

ஆசைப்பட்டேனே ஒழிய, ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. முதல் நாள் ஒரு நட்டை இறுக்கினேன். போல்ட் இரண்டாக உடைந்து கையில் வந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் எதையும் தொட விடவில்லை.

வேலை செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஃபிட்டர், சுரங்கத்தில் பர்மனென்ட். இன்ஜின், கியர், பிரேக் அவர் பொறுப்பு. இன்னொருவர் வடக்குத்து வெல்டர், காண்ட்ராக்ட். துருப்பிடித்து ஓட்டையான தரை, கதவு, மட்கார்டு எல்லாம் அவர் கை. இருவருமே வருடக்கணக்காக என் கவுன்ட்டருக்கு வந்து நின்றவர்கள். என்னிடம் கொஞ்சமாவது பழி தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு விசேஷம். இவர் முதல் ஷிஃப்ட் போனால் அவர் இரண்டாவது ஷிஃப்ட். ஷிஃப்ட் மாறும்போது இருவருமே மாறுவார்கள். ஆகவே ஒருவர் என் தோட்டத்தை விட்டுப் போன பிறகுதான் மற்றவர் வருவார். ஒரு வருடம் ஒரே வண்டியில் வேலை செய்தும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சுரங்கத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து போகிறவர் என்ன செய்தார், என்ன பாக்கி என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவார், வருகிறவர் அதைப் படித்துவிட்டு ஆரம்பிப்பார். நானும் ஒரு நீள நோட்டு வாங்கி, கொய்யா மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன்.

முதல் வாரம் மரியாதையாகத்தான் போனது. அப்புறம் ஃபிட்டர் எழுதினார்: "கிளட்ச் பிளேட் மாற்றியாச்சு. வெல்டிங் பொறி விழுந்து சீட் கருகியுள்ளது. சம்பந்தப்பட்டவர் கவனிக்கவும்."

கீழே வெல்டரின் பதில்: "சீட் ஆடு தின்னது போக மிச்சம். சந்தேகம் இருந்தால் ஆட்டைக் கேட்கவும். கிளட்ச் மாற்றியவர் கிரீஸ் கையைக் கதவில் துடைத்துள்ளார். கதவு கைக்குட்டை அல்ல."

மறுநாள்: "கைக்குட்டை போல இருந்ததால் துடைத்தேன். அவ்வளவு மெல்லிசாகத் தகடு வைத்தது யார்?"

அதற்கு மறுநாள்: "தகடு என் தவறல்ல. ஸ்டோர்ஸ்காரர் வாங்கி வந்தது."

இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒற்றுமை. எது கெட்டாலும் கடைசியில் ஸ்டோர்ஸ்காரரிடம் வந்து நிற்கும். எனக்கும் பழக்கம் விடவில்லை. வாங்கி வந்த சாமான்களைச் சமையலறைக்குப் பின்னால் ஓர் அலமாரியில் நம்பர் போட்டு அடுக்கிவைத்து, யார் எதைக் கேட்டாலும் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"சார், ஒரு வாஷர் சார்," என்பார் வெல்டர். "வெயில்ல நின்னுகினு இருக்கேன்."

"சீட்டு எழுதுங்க."

"இது உங்க வூடு சார்."

"வீடா இருந்தா என்ன. நாளைக்கு நான் யாருக்குப் பதில் சொல்றது?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்: "எனக்குத்தான். குடுத்துத் தொலைங்க."

வண்டி முதன்முதலில் ஓடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபிட்டர் இன்ஜினை உயிர்ப்பித்துவிட்டு, உரிமையாளர்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று என்னை ஏற்றி உட்கார வைத்தார். தோட்டமே புகை. சூடானதும் கேபினுக்குள் பலாப்பழ வாசனை வந்தது. பெருமையோடு ரிவர்ஸ் போட்டேன். அது முன்னால் போனது. என்னிடம் கியர் வரிசையைச் சொன்னவர் சரியாகத்தான் சொன்னாராம், நான்தான் பெருமையில் கவனிக்கவில்லை. மனைவியின் துணிக்கொடியை நெற்றியில் வாங்கிக்கொண்டு, இரண்டு சேலை, ஒரு போர்வை, என் வேட்டி ஆகியவற்றோடு வண்டி வேலியைத் தாண்டிப் பின்தெருவுக்கு வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஓடுதுல்ல," என்றேன் மனைவியிடம்.

"துணியைக் கழட்டிக் குடுங்க. மறுபடியும் துவைக்கணும்," என்றார். "இன்னும் மூணு வாரம் இருக்கு. ரிட்டயர் ஆகுற அன்னைக்குன்னு சொன்னேன். இன்னைக்குன்னு சொல்லல."

மூன்று வாரமும் பெயிண்ட், சீட், விளக்கு என்று ஓடியது. பிரேக் மட்டும் இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கும். கைபிரேக் என்று ஒரு கம்பி இருந்தது, இழுத்தால் கையோடு வந்துவிடும், திரும்பச் செருகி வைத்துவிட வேண்டும். கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபிட்டர் நோட்டில் எழுதியிருந்தார்.

இங்கேதான் சுரங்கத்துக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு குழப்பம் வந்தது. அந்த மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. என்னைப் போன்ற அலுவலகத்துக்காரர்களுக்கு ஞாயிறு விடுமுறை, ஆகவே வழியனுப்பு விழாவைச் சனிக்கிழமையே வைத்துவிட்டார்கள். ஷிஃப்ட்காரருக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. அவருக்கு வார விடுமுறை செவ்வாயாக இருக்கும், வியாழனாக இருக்கும். அவர் கிழமை பார்ப்பதில்லை, தேதிதான் பார்ப்பார். மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட் என்று சொன்னால் ஃபிட்டரின் மனசில் பதிவது கடைசித் தேதி. சனிக்கிழமை என்று அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் வெல்டரும் வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டிப்போய் ஸ்டோர்ஸ் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நிறுத்தினோம். ஃபிட்டர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ராத்திரி போனில் அவரிடம் இடத்தைச் சொன்னேன். நாளைக்கு வேலைக்குப் போகும் முன் வந்து ஒரு தடவை பிரேக்கைப் பார்த்துவிடுகிறேனுங்க என்றார். நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு விழா. ஆறு பேர் என்னைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் சொன்ன மனிதரை நான் சந்தித்ததே இல்லை, ஆனால் நல்லவராகத் தெரிந்தார். நாலு மணிக்கு மாலையும் கழுத்துமாக வெளியே வந்து, ஓடிப்போய் வண்டியின் கதவைத் திறந்தேன். ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. "ஆள் வேலை செய்கிறார். இயக்காதே." கீழே ஃபிட்டரின் கையெழுத்து. சீட்டுக்கு அடியில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சில் ஒரு பூட்டு.

வெளியூர்க்காரராக இருந்தால் சுத்தியலை எடுத்து ஒரு போடு போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார். எங்களால் முடியாது. சுரங்கத்தில் ஓர் இயந்திரத்தில் கை வைப்பவர் அதன் மின்சாரத்தை அணைத்து, தன்னுடைய சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே இறங்குவார். உள்ளே அவர் கை இருக்கும், தலை இருக்கும். போட்டவர்தான் பூட்டை எடுக்க வேண்டும், எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் தொடக் கூடாது. அந்தப் பூட்டுகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவன் நான். கொடுக்கும்போதெல்லாம், பூட்டை உடைச்சவன் உருப்படமாட்டான் என்று என் பங்குக்கு ஒரு சொற்பொழிவும் செய்வேன். இந்தப் பூட்டும் நான் கொடுத்ததுதான்.

சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். அத்தனை பேரும் அட்டையைப் படித்துவிட்டு ஓரடி பின்னால் போனார்கள்.

ஃபிட்டர் அன்று இரண்டாவது ஷிஃப்ட்டில், சுரங்கத்தின் அடிமட்டத்தில் இருந்தார். அங்கே செல்போன் எடுக்காது. கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன். அங்கிருந்தவர் வயர்லெஸ்ஸில் கீழே பேசிவிட்டுத் திரும்ப வந்தார்.

"சார், பிரேக் சிலிண்டர்ல ஒரு ரப்பர் கப் இருக்குமாம், அது கிழிஞ்சிருந்துச்சாம். மாதிரிக்குக் கழட்டிப் பாக்கெட்ல வச்சிருக்காராம். காலையில புதுசு வாங்கி மாட்டிடலாம்னு இருந்தாராம். 'நாளைக்குத்தானுங்களே ரிட்டயர்மென்ட்டு'ன்னு கேக்கச் சொன்னாரு."

"இன்னைக்குன்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் இரைச்சல்.

"சொல்லிட்டேன் சார். ரெண்டு தடவை தேதியைக் கேட்டாரு. அப்புறம், பூட்டைத் தொட வேண்டாங்கன்னாரு. பிரேக் துளிகூடக் கிடையாதாம். இன்ஜினை எழுப்பவே கூடாதாம். கையால தள்ளுறதா இருந்தா தள்ளிக்கலாமாம்."

மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூ ஒட்டிய கார் ஒன்று எதற்கும் இருக்கட்டும் என்று தயாராக நின்றது. "கார்ல ஏறுங்க. வண்டியை நாளைக்கு எடுத்துக்கலாம்," என்றார்.

"நாளைக்கு இது வண்டியா இருக்காது சார்," என்று மனைவியின் நிபந்தனையைச் சொன்னேன். கல்யாணமானவர்கள் எல்லோருக்கும் உடனே விஷயத்தின் தீவிரம் புரிந்தது.

ஒரு நண்பர் காதருகே வந்து, டீசல் இன்ஜின்தானே, பேட்டரியே வேண்டாம், தள்ளிவிட்டுக் கியரில் போட்டால் கிளம்பிவிடும் என்றார். ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். சீட்டில் ஏறி உட்கார்ந்து கியர்க் கம்பியைக்கூடப் பிடித்துவிட்டேன். அட்டை மூக்குக்கு எதிரே ஆடியது. என் சொற்பொழிவு எனக்கே கேட்டது. கையை எடுத்துவிட்டேன். நல்லவன் என்பதால் அல்ல. பிரேக் இல்லாத வண்டியை ஓட்டிப்போய், ரிட்டயர் ஆன அன்றே ஆஸ்பத்திரியில் படுத்தால், இரும்புக்காரர் என்னையும் சேர்த்து எடை போட்டுவிடுவார்.

அப்போதுதான் காலை ஷிஃப்ட் முடித்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெல்டர் வந்து சேர்ந்தார். அட்டையைப் படித்தார். ஒரு வருடமாக நோட்டில் மட்டும் பார்த்த கையெழுத்தை இங்கேயும் பார்த்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

"பர்மனென்ட்காரரு பூட்டிட்டுப் பூடுவாரு, காண்ட்ராக்ட்காரன் வந்து இழுத்துகினு போவணும். சரி. திருவதிகையில அம்மாம் பெரிய தேரு, அதுக்கு இன்னா சார் பிரேக்கு? முன்னால கயிறு, பின்னால கயிறு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. வருசா வருசம் கட்டை போடுறது எங்க வகையறாதான். வூடு எம்மாந்தூரம், ஒன்றரை கிலோமீட்டரு. இழுத்துகினு போயிடலாம்."

கயிறும் கட்டையும் ஸ்டோர்ஸில் இருந்தன. கவுன்ட்டருக்கு ஓடினேன். காலையில்தான் நான் பொறுப்பை ஒப்படைத்திருந்த அம்மையார் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து வருடம் என் கீழே வேலை பழகியவர்.

"அம்மா, அவசரம். தடிக் கயிறு ரெண்டு, மரக்கட்டை ரெண்டு."

"சீட்டு குடுங்க சார்," என்றார்.

"நான்தாம்மா."

"நீங்கதான் சார் சொல்லிக் குடுத்தீங்க. யாரா இருந்தாலும் சீட்டுன்னு. அதோட நீங்க இப்ப ஸ்டாஃப் இல்ல. வேற யாராவது கையெழுத்துப் போடணும்."

முகத்தில் சிரிப்பே இல்லை. இவ்வளவு நன்றாகவா கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று பெருமையும் வந்தது, அழுகையும் வந்தது. மேலதிகாரி வந்து கையெழுத்துப் போட்டுக் கயிறு வாங்கித் தந்தார். என் பணிக்காலத்தின் கடைசி இன்டென்ட் சீட்டு என் பெயரில்கூட இல்லை.

முன்பக்கம் மேலதிகாரியோடு சேர்த்து இருபது பேர் கயிற்றைப் பிடித்தார்கள். பின்பக்கம் பத்துப் பேர், வண்டி வேகமெடுத்தால் இழுத்துப் பிடிக்க. வெல்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கட்டையாக இன்னொருவரோடு முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் நடந்தார். நான் மாலையோடு உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. தெருவில் சத்தமே இல்லை. செருப்புச் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும்தான். நூறு மீட்டர் போனதும் யாரோ தாளம் போட்டு ஒரு குரல் கொடுக்க, எல்லோருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. கணக்குப் பிரிவில் பேனா தவிர வேறெதையும் தூக்காதவர்கள்கூடச் சட்டைக் கையை மடித்துவிட்டு இழுத்தார்கள். பின்னால் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வந்தது. ஸ்கூட்டரில் எதிரே வந்த ஓர் அம்மா ஓரமாக நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மாலை போட்டு உட்கார்ந்திருப்பது எந்தச் சாமி என்று அவருக்கு விளங்கியிருக்காது. நானும் வேறு வழியில்லாமல் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தேன். அதற்காக ஸ்டியரிங்கை விட்டது தப்பு. வண்டி சாக்கடைப் பக்கம் திரும்பி, முப்பது பேரும் சேர்ந்து திட்டினார்கள்.

ரவுண்டானாவுக்கு முன்னால் சாலை கொஞ்சம் இறக்கம். முப்பது வருடம் சைக்கிளில் போன எனக்கே அது இறக்கம் என்று அன்றுதான் தெரிந்தது. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று வண்டி தங்களைத் துரத்துவதை உணர்ந்து ஓட ஆரம்பித்தார்கள். பின்னால் பிடித்தவர்கள் தார்ச் சாலையில் சறுக்கிக்கொண்டே வந்தார்கள். நான் பழக்க தோஷத்தில் பிரேக்கை இரண்டு தடவை மிதித்தேன். கால் தரையைத் தொட்டது. கைபிரேக்கை இழுத்தேன். கையோடு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் வழியாக வெல்டரிடம் நீட்டினேன்.

"அத்த இன்னாத்துக்கு சார் குடுக்குறீங்க, உள்ள வைங்க," என்று சொல்லிக்கொண்டே அவர் கட்டையைச் செருகினார். சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. அடுத்த பக்கத்துக் கட்டையும் வழுக்கியது. வெல்டர் தன் கட்டையைப் பொறுக்கிக்கொண்டு வண்டியோடு ஓடி, சக்கரம் போகிற வழியை ஒரு தடவை பார்த்து, சரியாக ஓர் அடி முன்னால் வைத்துக் காலால் ஒரு மிதி மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. மாலை என் தலைக்கு மேலே ஏறி முகத்தை மூடிக்கொண்டது. பூவை விலக்கிப் பார்த்தால் முன்பக்க பம்பருக்கும் மேலதிகாரியின் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அவர் திரும்பிப் பார்த்து, "ரிட்டயர் ஆகுறது நீங்களா நானா?" என்றார்.

எங்கள் தெருமுனை திரும்பும்போது ஐந்தே கால். மனைவி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கார் வரும் என்றோ, புகை விட்டுக்கொண்டு பிக்கப் வரும் என்றோ எதிர்பார்த்திருப்பார். முப்பது பேர் வியர்வையில் குளித்து, கயிறு பிடித்து, தாளம் போட்டுக்கொண்டு வருவதை எதிர்பார்க்கவில்லை. வண்டி வாசலில் நின்றது. வெல்டர் இரண்டு கட்டையையும் வைத்துவிட்டு ஒதுங்கினார். ஸ்டோர்ஸ் வாசலில் கேள்விப்பட்ட நிபந்தனைக்குத் தீர்ப்பு வரப்போகிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

மனைவி தட்டைத் திண்டின்மேல் வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். அட்டையைப் படித்தார். பூட்டைப் பார்த்தார்.

"இன்ஜின் ஓடுச்சா?"

"இல்ல."

"பிரேக் இருக்கா?"

"அது சுரங்கத்துல இருக்கு. அவர் பாக்கெட்ல."

"இவங்க எல்லாரும் ஸ்டோர்ஸ்ல இருந்து இழுத்துட்டா வந்தாங்க?"

"ஆமா."

"நீங்க உள்ள உக்காந்துட்டு வந்தீங்க."

"மாலையோட," என்றேன். வேறு நல்ல பதில் இருந்திருக்கலாம்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தார். மேலதிகாரி நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் எங்கள் வண்டிக்காகப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி முழித்தார்கள். இருபத்தெட்டு வருடம் பேப்பர் திருத்திய கை, உடனே மார்க் போட்டுவிடாது.

"விடை சரி," என்றார் கடைசியில். "வழிமுறை முழுக்கத் தப்பு. எங்க ஸ்கூல்ல இதுக்குப் பாதி மார்க்."

"பாதின்னா, வண்டி வருமா வராதா டீச்சர்?" என்று பின்கயிற்றிலிருந்து ஒரு குரல்.

"பாதி மார்க்குன்னா பாஸ்தான்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒருத்தர் போட்ட பூட்டை உடைக்காம வந்தீங்களே, அதுக்காகத்தான்," என்றார். போனை எடுத்து இரும்புக்காரரை நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆரத்தித் தட்டை எடுத்து வந்தார். முதலில் வண்டிக்குச் சுற்றினார். அப்புறம்தான் எனக்கு. மிக்சர் பத்தவில்லை. இழுத்து வந்தவர்கள் பசியில் இருந்தார்கள், ஆளுக்கு இரண்டு பொட்டலம் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஃபிட்டர் புது ரப்பர் கப்போடு வந்தார். முகம் தொங்கியிருந்தது. வெல்டருக்கு அன்று வார விடுமுறை, அவர் ஏற்கெனவே வந்து வேலியருகே நின்றிருந்தார். ஒரு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் நேருக்கு நேர்.

"நீங்கதானுங்களா அந்தக் கைக்குட்டை?" என்றார் ஃபிட்டர்.

"நீங்கதானா அந்தப் பூட்டு," என்றார் வெல்டர். "தேர் இழுத்து முட்டி வீங்கிகினு கெடக்குது. வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு அப்புறமா சண்ட போட்டுக்கலாம்."

டீயும் குடித்தார்கள், சண்டையும் போட்டார்கள். நடுவில் கப்பை மாட்டி, பிரேக் ஆயில் ஊற்றி, ஒருவர் மிதிக்க மற்றவர் காற்றை வெளியேற்றினார்கள். ஒரே மிதியில் பிரேக் பிடித்தது. கடைசியில் ஃபிட்டர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் தன் பூட்டைத் தானே திறந்தார். நான் ஆசையோடு ஏறப் போனேன்.

"கொஞ்சம் இருங்க," என்றார் மனைவி. ஃபிட்டரிடம் திரும்பி, "இந்த மாதிரிப் பூட்டு கடையில கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கிடைக்கும்ங்க மேடம். எதுக்குங்க?"

"போட்டவங்கதான் எடுக்கணும்னு சொன்னாங்களே, அந்த ரூல் எனக்குப் பிடிச்சிருக்கு."

மறுநாள் அவரே கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து சுவிட்சில் மாட்டினார். இப்போது வடக்குத்து வீட்டு முன்னால் வண்டி நிற்கிறது. பந்தலுக்கு இடமில்லாததால் மல்லிகை மொட்டைமாடிக்குப் போய்விட்டது. நான் வெளியே போக வேண்டுமென்றால் எங்கே, எதற்கு, எப்போது திரும்புவேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். படித்துப் பார்த்து, திருப்தியாக இருந்தால் வந்து பூட்டைத் திறப்பார். நேற்று பண்ருட்டி என்று எழுதினேன். எதற்கு என்ற இடத்தில் 'சும்மா' என்று போட்டிருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்.